களி தின்கிறவளுக்கா கால்சியம் குறையும்?

"டம்ளர் உதட்டுல பட்டதே தெரியலடா கண்ணு" என்று அம்மா சொன்னபோது விடியற்காலை ஐந்து மணி இருக்கும். காபி பாதி வாயில், பாதி சேலையில். சேலத்தில் தைராய்டு ஆபரேஷன் முடிந்து, முந்தின நாள் மதியம்தான் காரிமங்கலம் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்குக் கூட்டி வந்திருந்தோம். ராத்திரியே விரல் நுனியெல்லாம் மதமதவென்று இருந்திருக்கிறது. ஊசி குத்தின கை, அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு யாரிடமும் சொல்லவில்லை.

ஆறு மணிக்கு இரண்டு கையும் இழுத்துக்கொண்டன. மணிக்கட்டு உள்பக்கமாக மடங்கி, விரல்கள் நீட்டியபடியே ஒன்றோடொன்று ஒட்டி, கட்டைவிரல் உள்ளங்கைக்குள் போய்விட்டது. நான் பிரித்துவிடப் பார்த்தேன், முடியவில்லை. பக்கத்து வீட்டு அத்தை வாதம் என்றார். இன்னொருவர் திருநீறு எடுத்து வந்தார். ஆளுக்கு ஒன்று சொல்லச் சொல்ல அம்மா பயந்துபோய் வேக வேகமாக மூச்சு வாங்க ஆரம்பித்தாள். மூச்சு வேகமாக ஆக, கை இன்னும் இறுகியது.

மாட்டுக்கொட்டாயில் பால் கறந்துகொண்டிருந்த அப்பா அப்படியே எழுந்து வந்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். குனிந்து அம்மாவின் காதைத் தொட்டார். "கன்னு போட்ட மாட்டுக்கு வருமே, அது மாதிரி இருக்குதுடா" என்றார். எனக்கு வந்த கோபத்தில் என்ன சொன்னேன் என்று இங்கே எழுத முடியாது. அம்மாவைப் போய் மாட்டோடு சேர்க்கிறாரே என்று.

தர்மபுரியில் ஒரு ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் இருந்த டாக்டர் சின்னப் பையன். கையைப் பார்க்கும் முன்பு கழுத்தில் இருந்த பிளாஸ்திரியைத்தான் பார்த்தார். "ஆபரேஷன் என்னைக்கு?" என்றார். திங்கட்கிழமை என்றேன். அன்று வியாழன். ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கையில் சுற்றி, காற்றடித்து, அப்படியே விட்டுவிட்டார். வழியில் சற்றே தளர்ந்திருந்த அந்தக் கை, இரண்டாவது நிமிடத்தில் என் கண் முன்னால் மறுபடி மடங்கியது. ரத்தம் எடுத்தார், இ.சி.ஜி. எடுத்தார், ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் 10 மில்லி கால்சியம் குளுக்கோனேட் மருந்தைக் கலந்து மெதுவாக, பத்து நிமிடம் போல, நரம்பில் ஏற்றச் சொன்னார். "அம்மா, பயப்படாம மூச்சை மெதுவா இழுத்து விடுங்க. வேகமா விட்டா ரத்தத்துல இருக்கிற கால்சியமும் கைக்கு எட்டாது" என்றார். ஊசி பாதி இறங்கும்போதே கட்டைவிரல் வெளியே வந்தது.

ரிப்போர்ட்டில் கால்சியம் 6.4. இருக்க வேண்டியது 8.5-லிருந்து 10.5 வரை.

அப்பா சொன்னது சரி என்று அப்போதுதான் உறைத்தது. சில வருடங்களுக்கு முன்னால் எங்கள் கலப்பினப் பசு மூன்றாவது கன்று போட்ட மறுநாள் ராத்திரி படுத்துவிட்டது. தலையை விலாப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, காது சில்லென்று, மூக்கு காய்ந்து, கூப்பிட்டால் பார்க்காமல் கிடந்தது. பேர்தான் பால் காய்ச்சல், உடம்பில் காய்ச்சலே இருக்காது. மாட்டு டாக்டர் வந்து 450 மில்லி கால்சியம் பாட்டிலைக் கழுத்து நரம்பில் ஏற்றினார். பாட்டிலை உயரப் பிடித்தது நான். அவர் ஸ்டெதாஸ்கோப்பை மாட்டின் நெஞ்சிலிருந்து எடுக்கவே இல்லை. "வேகமா விட்டா நெஞ்சு நின்னுடும்" என்றார். பாட்டில் முடிவதற்குள் மாட்டுக்கு உடம்பு நடுங்கியது, ஏப்பம் விட்டது, சாணி போட்டது. அரை மணியில் எழுந்து நின்று கன்றை நக்கியது. பத்து லிட்டர் சீம்பாலில் 23 கிராம் கால்சியம் வெளியே போகிறது. அது மாட்டின் ரத்த நீர் முழுவதிலும் உள்ள கால்சியத்தைப் போல ஒன்பது மடங்கு. அவ்வளவையும் எலும்பிலிருந்தும் குடலிலிருந்தும் இழுத்து ஈடு கட்ட உடம்பு இரண்டு மூன்று நாள் எடுத்துக்கொள்கிறது. அந்த இடைவெளியில்தான் மாடு விழுகிறது.

ஒரே ஒரு வித்தியாசம். கால்சியம் குறைந்தால் மாட்டுக்கு உடம்பு தளர்ந்து துவண்டுவிடும். மனிதனுக்கு நரம்பு சும்மாவே துடித்து, தசை இறுகிப் போகும். அப்பாவிடம் இதைச் சொன்னபோது, "எப்படியோ ஊசி ஒண்ணுதானே" என்றார்.

இனி அம்மாவின் கேள்வி. வார்டில் கண் விழித்ததும் கேட்டது இதைத்தான்: "மூணு வேளையும் களி தின்கிறவ நான். எனக்கா சுண்ணாம்புச் சத்து கம்மி?"

நியாயமான கேள்வி. நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. எங்கள் பக்கம் அதுதான் சோறு. ஆனால் அம்மாவை மீட்ட அந்த 10 மில்லி ஊசி மருந்தில் இருந்த கால்சியம் சுமார் 93 மில்லிகிராம். ஒரு கைப்பிடிக் கேழ்வரகில் இருப்பது. உடம்பில் மொத்தம் ஒரு கிலோ போலக் கால்சியம் உண்டு, அதில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும். ரத்த நீர் முழுவதையும் கூட்டினால் அரை கிராம் கூடத் தேறாது. நான் கிருஷ்ணகிரியில் ஒரு மாம்பழக் கூழ் ஆலையில் கணக்கு எழுதுகிறவன். எனக்கு இது இப்படித்தான் புரிந்தது: பேங்கில் கோடி இருக்கலாம், கல்லாவில் கையிருப்பு இல்லாவிட்டால் அன்றைக்குக் கடை நடக்காது. அம்மாவுக்குப் பேங்கில் பணம் இருந்தது. எடுத்துக் கொடுக்கிற ஆள்தான் இல்லை.

அந்த ஆள் பாராதைராய்டு. தைராய்டின் முதுகுப் பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும் நான்கு சுரப்பிகள். ஒவ்வொன்றும் ஒரு பருப்பு அளவு, எடை 30, 40 மில்லிகிராம். பார்வைக்குக் கொழுப்புத் துணுக்கு மாதிரியே மஞ்சளும் பழுப்புமாக இருக்கும். பேர் ஒத்திருக்கிறதே தவிர தைராய்டுக்கும் இவற்றுக்கும் வேலையில் சம்பந்தமே இல்லை. முதன்முதலில் இதைக் கண்டவர் ரிச்சர்ட் ஓவன், அதுவும் 1849-ல் லண்டன் மிருகக்காட்சி சாலையில் இறந்துபோன ஒரு இந்தியக் காண்டாமிருகத்தை அறுத்துப் பார்த்தபோது. மனிதனில் இருப்பதை 1880-ல் எழுதி வெளியிட்டவர் ஸ்வீடனின் இவார் சாண்ட்ஸ்ட்ரோம். இவ்வளவு தாமதமாகக் கண்ணில் பட்டதே அதன் அளவைச் சொல்லிவிடும்.

இந்தச் சுரப்பியின் செல்கள் ஒவ்வொன்றின் மேல்தோலிலும் கால்சியத்தைத் தொட்டுப் பார்க்கும் ஒரு புரதம் நீட்டிக்கொண்டிருக்கிறது. ரத்தத்தில் கால்சியம் போதுமான அளவு இருந்தால் அது இந்தப் புரதத்தில் வந்து ஒட்டும். ஒட்டியிருக்கும் வரை செல் சும்மா இருக்கும். ஒட்டுவது குறைந்தால், சில நொடிகளிலேயே பி.டி.எச். என்ற ஹார்மோனை அவிழ்த்துவிடும். அதாவது இந்தச் சுரப்பியை வேலை செய்யவிடாமல் தடுத்து வைத்திருப்பதே கால்சியம்தான். இந்த உணரியை 1993-ல் எட்வர்ட் பிரவுனும் ஸ்டீவன் ஹெபர்ட்டும் அடங்கிய பாஸ்டன் குழு கண்டுபிடித்தது எதிலிருந்து தெரியுமா? மாட்டின் பாராதைராய்டிலிருந்து. இதைப் படித்த அன்று அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டேன். எதற்கு என்று அவருக்கு ஞாபகமே இல்லை.

பி.டி.எச். மூன்று இடத்தில் வேலை செய்கிறது. எலும்பிலிருந்து கால்சியத்தை எடுக்கிறது. சிறுநீரில் வீணாகப் போவதைச் சிறுநீரகத்தில் தடுக்கிறது. மூன்றாவது, சிறுநீரகத்திலேயே வைட்டமின் டி-யைக் கால்சிட்ரியால் என்ற வீரியமுள்ள வடிவத்துக்கு மாற்ற வைக்கிறது. இந்தக் கால்சிட்ரியால்தான் குடலிடம் போய் சாப்பாட்டில் உள்ள கால்சியத்தை உறிஞ்சச் சொல்லும். ஆக பி.டி.எச். இல்லாவிட்டால் களியில் உள்ளதும் பெருமளவு உள்ளே போகாமல் வெளியே போய்விடும். அம்மாவின் கேள்விக்கு இதுதான் பதில். அவளுக்கு அன்று பி.டி.எச். 5-க்கும் கீழே. சாதாரணமாக 15-லிருந்து 65 வரை இருக்க வேண்டியது.

கழலை பெரிதாக இருந்ததால் தைராய்டை முழுதாக எடுத்தார்கள். அப்போது பாராதைராய்டுக்குப் போகும் முடிபோன்ற ரத்தக் குழாய்கள் அடிபடுவது சகஜம். பெரும்பாலும் சில வாரங்களில், சில மாதங்களில் சுரப்பி தானாகவே முழித்துக்கொள்ளும். அறுவை செய்தவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. டிஸ்சார்ஜ் காகிதத்தில் "இரண்டு பாராதைராய்டுகள் கண்டு காக்கப்பட்டன" என்று எழுதியே இருந்தது. வருத்தம் வேறு. அந்த வரிக்கு என்ன அர்த்தம், உதடு மதமதத்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஒருவர் வாய் திறந்து சொல்லியிருந்தால் ஒரு ராத்திரி வீணாகியிருக்காது. தையலை நனைக்காதீர்கள் என்று மட்டும் நாலு பேர் சொன்னார்கள்.

ஆகவே யார் வீட்டிலாவது முழுத் தைராய்டு ஆபரேஷன் என்றால் நான் சொல்வது: முன்கூட்டியே வைட்டமின் டி பார்த்துக் குறைவாக இருந்தால் சரிசெய்துவிட்டுப் போங்கள். ஆபரேஷனுக்குப் பிறகு கால்சியமும் பி.டி.எச்.-சும் எவ்வளவு என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கால்சியம் இறங்குவது பெரும்பாலும் முதல் மூன்று நாளில். வீட்டுக்கு வந்த பிறகும் நடக்கும். வாயைச் சுற்றி மதமதப்பு, விரல் நுனியில் எறும்பு ஊர்வது போல இருந்தால் விடியட்டும் என்று இருக்காதீர்கள். கை இழுத்தாலோ, மூச்சு விடும்போது தொண்டையில் சத்தம் வந்தாலோ, வலிப்பு வந்தாலோ, கேள்வியே இல்லை, ஓடுங்கள். நம்மவர்கள் சொல்லும் வாதத்தில் பெரும்பாலும் ஒரு பக்கம்தான் விழும். இது இரண்டு பக்கமும் வரும், முதலில் மதமதக்கும். ஆனால் வீட்டில் உட்கார்ந்து பிரித்துப் பார்க்க வேண்டியதில்லை. இரண்டுக்கும் போக வேண்டிய இடம் ஒன்றுதான்.

மூன்று நாள் ஏற்றியும் அம்மாவின் கால்சியம் 7-ஐத் தாண்டவில்லை. ஊசி போட்டால் ஏறும், மறுநாள் இறங்கிவிடும். நான்காம் நாள் ஒரு மூத்த மருத்துவர் வந்து, "வேற என்ன மாத்திரை சாப்பிடுறாங்க?" என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன். அம்மா குறுக்கே, "கேஸ் மாத்திரை போடுவேன்" என்றாள். எத்தனை நாளாக? ஆறு வருடமாக, தினமும் காலையில், மருந்துக் கடையில் வாங்கி. அவர் உடனே மெக்னீசியம் பார்க்கச் சொன்னார். 1.2. குறைந்தது 1.7 இருக்க வேண்டும். வயிற்று அமிலத்தைக் குறைக்கும் அந்த வகை மாத்திரையை வருடக்கணக்கில் போட்டால் சிலருக்கு மெக்னீசியம் இறங்கிவிடும். மெக்னீசியம் இல்லாமல் பாராதைராய்டால் ஹார்மோனை வெளியே விட முடியாது, விட்டாலும் எலும்பும் சிறுநீரகமும் சரியாகக் காது கொடுக்காது. காயம்பட்டுக் கிடந்த சுரப்பியின் வாயையும் கட்டிப் போட்ட மாதிரி. மெக்னீசியம் ஏற்றிய இரண்டாம் நாள் கால்சியம் 7.9-க்கு வந்து நின்றது. எத்தனை பேர் வீட்டில் இந்தக் கேஸ் மாத்திரை உப்பு டப்பா மாதிரி நிரந்தரமாக இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். மாத்திரை என்றே அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. நானே சேர்க்கவில்லையே.

வீட்டுக்கு வந்த பிறகு நான் ஒரு தப்புச் செய்தேன். எடுத்துவிட்ட தைராய்டுக்கு ஈடாகப் போடும் தைராக்ஸின் மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் காலையில் வெறும் வயிற்றில் சேர்த்தே கொடுத்து வந்தேன், ஒரே தடவையில் வேலை முடியட்டும் என்று. ஆறு வாரம் கழித்து டி.எஸ்.எச். எகிறியிருந்தது, தைராக்ஸின் உடம்புக்குப் போதவில்லை என்பதற்கு அதுதான் அடையாளம். குடலில் கால்சியம் தைராக்ஸினைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவே நான்கு மணி நேரம் வேண்டும். அப்புறம், கால்சியம் கார்பனேட் கரைய வயிற்றில் அமிலம் வேண்டும், அதனால் சாப்பாட்டோடுதான் போட வேண்டும். கேஸ் மாத்திரை இதையும் கெடுக்கும். அட்டையில் 1250 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட் என்று இருந்தால் அதில் உண்மையான கால்சியம் 500-தான். ஒரே நேரத்தில் அதற்கு மேல் கொடுத்தால் உடம்பு எடுப்பது குறைவு, அதனால் பிரித்துக் கொடுக்கிறோம். விடிந்ததும் தைராக்ஸின், மதியம் களியோடு ஒரு கால்சியம், ராத்திரிச் சாப்பாட்டோடு ஒன்று, கால்சிட்ரியால் தனியாக. ஆலைக் கணக்குப் போல ஒரு நோட்டில் கோடு போட்டு எழுதி அடுப்படிச் சுவரில் மாட்டினேன்.

கால்சியம் 8-க்கும் 8.8-க்கும் நடுவே இருந்தால் போதும் என்றார் மருத்துவர். ஏன் பத்துக்கு ஏற்றக்கூடாது என்று கேட்டேன். பி.டி.எச். இல்லாதவருக்குச் சிறுநீரகம் கால்சியத்தைப் பிடித்து வைக்காது. ரத்தத்தில் ஏற ஏறச் சிறுநீரில் கொட்டும், கல் சேரும், நாளடைவில் சிறுநீரகமே கெடும். குறைவாக வைத்திருப்பதும் ஒரு வைத்தியம்தான்.

அதிகமானால் என்ன ஆகும் என்பதை எங்கள் சொந்தத்திலேயே பார்த்தேன். மாமா ஒருவருக்கு மூட்டு வலி. வாரம் ஒன்று என்று எழுதிக் கொடுத்த 60,000 யூனிட் வைட்டமின் டி பாக்கெட்டைத் தினம் ஒன்றாக இரண்டு மாதத்துக்கு மேல் பாலில் கலக்கிக் குடித்திருக்கிறார். "சத்து மருந்துதானே, கூட இருந்தா என்ன." வாந்தி, மலச்சிக்கல், ஓயாத தாகம், பேச்சில் குழப்பம். கால்சியம் 13-க்கு மேல். அவருடைய பாராதைராய்டு வேலையை நிறுத்திவிட்டுத்தான் இருந்தது, ஆனால் வெளியிலிருந்து கொட்டுவதை அது எப்படித் தடுக்கும்? வைட்டமின் டி கொழுப்பில் தங்கிவிடுவதால் அவர் தெளிய வாரக்கணக்கில் ஆனது. மாத்திரைச் சீட்டில் "வாரம்" என்ற சொல்லுக்குக் கீழே இரண்டு கோடு போட்டுக் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

ரிப்போர்ட்டைப் பற்றி ஒன்று. அம்மாவுக்கு நடுவே ஒரு காய்ச்சல் வந்து தேறியபோது கால்சியம் 7.9 என்று வந்தது. எனக்குத் தூக்கம் போயிற்று. மருத்துவர் பக்கத்து வரியைக் காட்டினார்: அல்புமின் என்ற ரத்தப் புரதம் 3.0. ரத்தக் கால்சியத்தில் ஏறக்குறையப் பாதி அல்புமின் மேல் சவாரி செய்கிறது, மீதிதான் சுதந்திரமாக வேலை செய்வது. அல்புமின் 4-லிருந்து ஒன்று குறைந்தால் கால்சியத்தோடு 0.8 கூட்டிப் பார்க்க வேண்டும். ஆக 8.7, பயமில்லை. சந்தேகம் வந்தால் அயனிக் கால்சியம் என்று தனியாகவே பார்க்கலாம். அன்று வேக மூச்சில் கை இறுகியதும் இதனால்தான். மூச்சு அதிகமாக வெளியேறினால் ரத்தம் காரமாகி, கால்சியம் இன்னும் கூடுதலாக அல்புமினோடு போய் ஒட்டிக்கொள்ளும். கூட்டம் போட்டு அலறிய நாங்களும் அதற்கு ஒரு காரணம்.

எங்கள் மாவட்டக்காரர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். ரத்தத்தில் கால்சியம் சரியாக இருக்கிறது என்றால் எலும்பு சரியாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. எலும்பைக் கரைத்துத்தான் ரத்தத்தின் கணக்கு நேராகிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பலருக்கு முதுகும் மூட்டும் விறைத்துப்போவதற்குப் போர்த் தண்ணீரில் இருந்த ஃபுளோரைடும் ஒரு காரணம். 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வரும் வரை நாங்கள் குடித்ததும் அதுதான். அம்மாவின் பல்லில் இருக்கும் காவிக் கோடு அதற்குச் சாட்சி. அந்த வலிக்கெல்லாம் கடையில் கால்சியம் வாங்கிப் போடுவது, எது என்றே பார்க்காமல் வைத்தியம் செய்வது.

ஐந்தாம் மாதம் பி.டி.எச். 19-க்கு வந்தது. சுரப்பி முழித்துவிட்டது. கால்சிட்ரியாலை நிறுத்தியாயிற்று, கால்சியம் ஒரு மாத்திரையாகக் குறைந்திருக்கிறது.

அப்பாவும் ஒன்றை மாற்றினார். சினை மாட்டுக்குக் கடைசி மாதத்தில் கால்சியம் டானிக் ஊற்றுவது எங்கள் வழக்கம், கன்று போடும்போது பலமாக இருக்கட்டும் என்று. மாட்டு டாக்டர் அதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். கன்று போடுவதற்கு முந்தின வாரங்களில் கால்சியம் தாராளமாகக் கிடைத்தால் பாராதைராய்டு தூங்கிவிடும், சீம்பால் இறங்கும் அன்று எழுப்பினால் எழாது. அந்த வாரங்களில் கம்மியாகக் கொடுத்து அதைப் பழக்க வேண்டும், கன்று போட்ட பிறகு ஊற்ற வேண்டும். இந்த முறை அப்படியே செய்தார். மாடு விழவில்லை. ஆனாலும் மூன்று நாளும் ராத்திரி எழுந்து போய்க் காதைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார். உள்ளே வந்து அம்மாவின் காதையும்.

அடுத்த வாரம் மறுபடி ரத்தம் எடுக்க வேண்டும். களி தின்றுவிட்டுப் போகலாமா என்று அம்மா இப்போதே கேட்கிறாள். அதை மருத்துவரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். கால்சியம் மாத்திரையை மட்டும் ரத்தம் கொடுத்த பிறகு போடு என்று நோட்டில் எழுதி வைத்துவிட்டேன்.